காலுறைக்குள் ஒரு கச்சேரி

மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பளபளக்கும் கறுப்பு பூட்ஸ், மடிப்புக் கலையாத கால்சட்டை. மண்டபத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள். சமையல் கட்டிலிருந்து குதிரை இறைச்சி வேகிற வாசனை வருகிறது. மணமகனின் மாமா யாரையோ திட்டிக்கொண்டு போகிறார். கால்களுக்குச் சொந்தக்காரர் எதையும் சட்டை செய்வதில்லை. "மெதுவா... மெதுவா... ம், வந்துட்டான்" என்று அடியிலிருந்து குரல் கேட்கிறது. மண்டபத்துக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கழன்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு கை வெளியே வந்து, நாற்காலியில் தொங்கும் கோட்டின் உள்பையைத் துழாவி, ஒட்டக ரோமத்தில் பின்னிய ஒற்றைக் காலுறையை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போகிறது. காலுறைக்குள் இருப்பது அவருடைய சொந்த ஹார்ட் டிஸ்க்.

ஓரோஸ்பெக் வந்தாயிற்று. விருந்து தொடங்கிவிடும்.

கோச்கோர் என்ற சிற்றூரிலும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் கல்யாணம், தொட்டில் விருந்து, சுன்னத்து விருந்து, அறுபதாம் வயது, எழுபதாம் வயது எதுவானாலும் மைக்கைப் பிடித்து அதை நடத்திக் கொடுப்பவர் அவர்தான். யாரை எப்போது வாழ்த்துரைக்கு அழைப்பது, எந்தக் கிழவரை எந்த இடத்தில் நிறுத்துவது, அழுகிற அத்தையை எந்தப் பாட்டால் ஆட வைப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆள் குள்ளம். நெஞ்சு மட்டும் பீப்பாய் மாதிரி. முன்வரிசையில் ஒரு தங்கப்பல். இளமையில் நாரின் நகரப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். அதனால் இன்றைக்கும் அவர் "அன்பான உறவுகளே" என்று ஆரம்பித்தால், வண்டி வந்துவிட்டதோ என்று சில பெரியவர்கள் மூட்டையைத் தேடுவதுண்டு.

எல்லோர் கோப்பையையும் நிரப்பச் சொல்லும் இந்த மனிதர் குடிப்பது என்னவோ தேநீர்தான். மதக் காரணம் என்று சிலரும், ஈரல் காரணம் என்று சிலரும் சொல்வார்கள். அவர் சொல்லும் காரணம் வேறு: "ஸ்குரு புடிக்கிற கை நடுங்கக் கூடாது பாருங்க."

முன்பு அவரிடமும் கம்ப்யூட்டர்கள் இருந்தன. முதலாவது ஒரு குளிர்காலத்தில் மின்சாரம் துள்ளியதில் கருகிப்போனது. அடுத்தது வண்டியிலிருந்து விழுந்து உருண்டது. மூன்றாவதை மச்சினனின் கிடாய் முட்டியது. இருட்டுத் திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிரி என்று நினைத்திருக்க வேண்டும். பெட்டிதான் போனதே ஒழிய, ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்க் பிழைத்துக்கொண்டது. அதைக் கழற்றி அடுத்த பெட்டியில் போட்டால் அவருடைய பாட்டுகள், அவருடைய கைத்தட்டல் ஓசைகள், மைக்கும் கையுமாக அவரே நிற்கிற முகப்புப் படம், எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் வந்து நின்றன. மூன்றாவது பெட்டியைக் குழிதோண்டிப் புதைக்காத குறையாகக் கொட்டகையில் போட்டுவிட்டு, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "பெட்டி எல்லா ஊர்லயும் இருக்கு. பள்ளிக்கூடத்துல இருக்கு, மண்டபத்துல இருக்கு. நான் ஏன் இன்னொன்னு வாங்கிக் கிடாய்க்குப் போடணும்?"

அன்று முதல் டிஸ்க் மட்டும் பயணம் செய்கிறது. காலுறை அவர் மனைவி பெர்மெத் பின்னிக் கொடுத்தது. ஜோடியில் மற்றொன்று எங்கே என்று கேட்டால், ஒற்றைக் காலோடு ஒரு பிள்ளை இந்த வீட்டில் இருப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்வார் பெர்மெத்.

கோச்கோர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அஸாத்துக்கு இந்தக் காலுறையைக் கண்டாலே ஆகாது. கம்பளியில் உரசி உரசி மின்பொறி கிளம்பும், ஒரு பொறி போதும் டிஸ்க் செத்துப்போக என்று அவன் தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறான். "இத்தனை வருஷமா அதுக்குள்ளதான் தூங்குறான். ஒரு தும்மல்கூடக் கிடையாது" என்பார் ஓரோஸ்பெக். கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற ஓ.எஸ்.ஸும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது, அது பழகிய பெட்டியைத் தேடும், வேற்றுப் பெட்டியில் கண்ணைத் திறந்தால் மிரண்டுவிடும், ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் போடுவதுதான் முறை என்றும் அஸாத் விளக்கினான். ஓரோஸ்பெக் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் பொண்டாட்டிகூடத்தான் உங்க வீட்டுக்கு வந்தப்போ மிரண்டா. இப்ப யாரு யாரைப் பாத்து மிரள்றது?"

அஸாத் அதோடு விடவில்லை. பாட்டுகளை மட்டுமாவது ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறேனே என்று கேட்டுப் பார்த்தான். அதுவும் நடக்கிற காரியமில்லை. பாடுபவரின் தொண்டைக்குத் தக்கபடி இசையை ஏற்றி இறக்கித் தருகிற ஒரு புரோகிராம் அதில் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்த சிநேகிதன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய் போன் எண்ணை மாற்றிவிட்டான். வேறெங்கும் அது கிடைப்பதில்லை. டிஸ்க்கை விட்டுப் பெயர்த்தால் ஓடுவதுமில்லை.

ஓரோஸ்பெக்கின் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் திறந்து டிஸ்க்கை மாட்டி, உயிர்ப்பிப்பார். பாதி ஊர்களில் திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டிவிட்டு நின்றுபோகும். "கோவிச்சுக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு, ஏதோ ஒரு விசையை அழுத்தி உள் அமைப்புக்குள் போய், பெட்டி டிஸ்க்கோடு பேசுகிற முறையைப் பழைய முறைக்கு மாற்றுவார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. எந்த வரி என்று மட்டும் தெரியும். பெரும்பாலும் எழுந்துவிடும். எழுத்துகள் எருமை எருமையாகத் தெரியும், வட்டங்கள் முட்டையாகும். புதிய பொருள் கண்டுபிடிக்கப்பட்டது, புதிய பொருள் கண்டுபிடிக்கப்பட்டது என்று மூலையில் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் "ஆமாப்பா, புது இடம்தான்" என்று தலையாட்டுவார்.

கடைசியாக அடியில் ரஷ்ய மொழியில் ஒரு வாசகம் வந்து நிற்கும். பெட்டி மாறியதால் வருவது, போகவே போகாது. இது அசல் அல்ல, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்பது அதன் பொருள். ஒரு கல்யாணத்தில், மணமக்களுக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் இது ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. மணமகனின் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் பெண் வீட்டார் பக்கம் திரும்பினாள். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஓரோஸ்பெக் மைக்கை எடுத்தார். "உறவுகளே, ஏமாந்தவன் நான். இந்தச் சரக்கை என் தலையில கட்டினவன் மாஸ்கோவுல இருக்கான். பொண்ணும் மாப்பிள்ளையும் அசல். உரசிப் பாத்துட்டேன்." சிரிப்பில் சண்டை கரைந்தது. அந்தத் தம்பதிக்கு முதல் பிரசவத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அதற்குப் பிறகு, கண்ணேறு படாமல் இருக்க அந்த வரியைப் பெரிதாகப் போடும்படி சில வீடுகளில் வற்புறுத்திக் கேட்கிறார்கள்.

இப்படியே போயிருக்கும். சென்ற இலையுதிர் காலத்தில் கலிபாவின் ஆடுகள் குறுக்கே வந்தன.

கலிபா மலையடிவாரக் கிராமம் ஒன்றின் கால்நடை மருத்துவர். தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கிறவர். அதற்குக் கையுறையெல்லாம் தேடமாட்டார். ஆனால் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் மட்டும் கையுறை போட்டுக்கொள்வார். அந்தக் கிராமத்துக் கலாசார மன்றத்தில் ஒரு கல்யாணம். ஓரோஸ்பெக் மேசைக்கு அடியில் புகுந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஒயர்களில் மிச்சமில்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு பெட்டி எங்கே என்று விசாரித்ததில், எதிரே இருக்கும் கால்நடை அலுவலகத்தைக் கை காட்டினார்கள். கலிபாவோ விருந்தாளியாக உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். முதலில் முடியாது என்றார். பிறகு பெண்ணின் தாய் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

கலிபாவின் டிஸ்க் வெளியே வந்தது, ஓரோஸ்பெக்கின் டிஸ்க் உள்ளே போனது. கோபித்துக்கொண்டது, சமாதானமாயிற்று, பாடிற்று. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சிக்கல் முடிவில்தான் வந்தது. பெட்டியை அலுவலகத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து வைத்து, தன் டிஸ்க்கைக் கழற்றி மேசையில் இருந்த கலிபாவின் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே சாயலில் வெள்ளை ஒட்டுத்தாள். அந்த நேரம் பார்த்து மணமகனின் மாமா, நடத்திக் கொடுத்தவருக்கு உரிய மரியாதைப் பங்கு என்று ஒரு தொடையெலும்பைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டினார். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினார், வாழ்த்தினார், கையைத் துடைத்தார், மறுபடி குனிந்தார். ஒன்றைப் பெட்டியில் மாட்டினார், மற்றதைக் காலுறையில் போட்டார்.

அடுத்த விருந்து மறுநாள் நாரினில், தஷ்தான் வீட்டில். அவருடைய ஒரே மகளை வழியனுப்பும் விருந்து. தஷ்தான் கறாரான ஆள், மந்தைக்காரர். தலைநகரிலிருந்து விளக்கும் புகையுமாக ஆட்களைக் கூட்டி வரலாம் என்று மைத்துனர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு ஓரோஸ்பெக்கை ஏற்பாடு செய்தவர். காரணம், அவர் மனைவி கனிஷாய். மகளை அனுப்பும்போது தாய் பாடுகிற பாட்டைத் தானே பாடப்போவதாக அந்த அம்மாள் சொல்லியிருந்தார். அவருக்கோ கட்டைக் குரல். ஓரோஸ்பெக் அந்தப் பாட்டின் இசையைப் படிப்படியாக இறக்கி, அவர் தொண்டைக்குப் பொருந்துகிற இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இலையுதிர் காலம் முழுக்கக் கனிஷாய், கோச்கோரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெர்மெத்தின் சமையலறைக்கும் வந்து, பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய பெட்டியில் அதைப் போட்டு, கூடப் பாடிப் பழகினார். வேறு இசையில் அவரால் பாட முடியாது.

மண்டபம் நிறைந்துவிட்டிருந்தது. ஓரோஸ்பெக் டிஸ்க்கை மாட்டினார். நீலத்திரை வந்தது, வரியை மாற்றினார், எழுந்தது. மைக்கும் கையுமாக அவர் நிற்கும் படம் வர வேண்டிய பெரிய திரையில், இரண்டு விரல்களால் பிளந்து பிடித்த ஓர் ஆட்டின் வாய் வந்தது. வயதைப் பார்ப்பதற்காகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது அந்த ஆடு. மணப்பெண் அதற்குச் சரியாக முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவர் படத்தை மூடினார். கீழே இன்னும் ஆடுகள் இருந்தன. பாட்டு எங்கேயும் இல்லை. மேசைக்கு அடியில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேசை விரிப்புக்கு வெளியே தஷ்தானின் பூட்ஸ் வந்து நின்றது தெரிந்தது. அது நகரவில்லை. பிற்பாடு பெர்மெத்திடம் சொல்லும்போது, செத்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாக வேண்டும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்ததாகவும், ஆட்டுப் பல்லுக்குக் கீழே சாவோம் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார்.

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. கலிபா.

"ஓரோஸ்பெக், என் ஆபீஸ்ல யாருக்குக் கல்யாணம்?"

பின்னால் பெருங்கூட்டம் கைதட்டுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரை எழுப்பினால் ஓரோஸ்பெக்கின் புரோகிராம் தானாகக் கிளம்பி எக்காளம் ஊதிக் கைதட்டிவிட்டுத்தான் ஓயும். அதை நிறுத்தத் தெரியாமல் கலிபா மூன்றாம் முறையாக அணைத்து எழுப்பியிருந்தார். விஷயம் விளையாட்டாக இல்லை. மறுநாள் சந்தை, குளிர்காலத்துக்கு முந்தைய பெரிய சந்தை. நோய் இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று என்று கலிபா கையெழுத்திட்ட தாள் இல்லாமல் ஓர் ஆடுகூடச் சாலைச் சாவடியைத் தாண்ட முடியாது. லாரிகள் வாசலில் நின்றன. மேய்ப்பர்கள் அலுவலகம் கொள்ளாமல் நின்றார்கள். தாளைக் கையாலேயே எழுதிவிடலாம். ஆனால் எந்த ஆட்டுக்கு என்ன ஊசி என்ற விவரம் மொத்தமும் நாரினில், ஒரு மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் இருந்தது.

கலிபா திட்டினார். சுருக்கமாக, ஆனால் குறையில்லாமல் திட்டினார். திட்டி முடித்ததும் மருத்துவராகிவிட்டார்.

"இப்ப கிளம்பி வந்து மாத்துறதுக்குள்ள லாரிக்காரன் போயிருவான். அதனால நான் சொல்றதைக் கேளு. நீ அங்கேருந்து என் ஆட்டை வாசி. நான் எழுதிக்கிறேன். உனக்கு எந்தப் பாட்டு வேணும்னு சொல்லு, இங்கேருந்து போடறேன்."

"விருந்தாளிங்க முன்னாடி ஆட்டையா வாசிக்கச் சொல்ற?"

"ஏன், ஆடு என்ன அசிங்கமா? அவங்க தின்னுக்கிட்டிருக்கிறது என்னவாம்?"

ஓரோஸ்பெக் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது, மின்சாரம் சரியில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அந்தத் தொழிலில் அதற்கெல்லாம் தட்டுப்பாடு கிடையாது. அவர் மைக்கை எடுத்து நடந்ததை நடந்தபடி சொன்னார். தொடையெலும்பு உட்பட எதையும் விடவில்லை. மலையடிவாரத்தில் மேய்ப்பர்கள் காத்திருக்கிறார்கள், அவர்களுடைய குளிர்காலம் இந்தத் திரையில் இருக்கிறது, இந்த வீட்டுத் தாயின் பாட்டு அவர்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தஷ்தானைப் பார்த்தார். மண்டபமே தஷ்தானைப் பார்த்தது. தஷ்தான் திரையைப் பார்த்தார். மந்தைக்காரரின் கண் ஓர் ஆட்டைப் பார்த்துவிட்டால் சுலபத்தில் விலகாது.

"படி" என்றார்.

ஓரோஸ்பெக் ஒரு கையில் மைக்கும் மறுகையில் செல்போனுமாகப் படித்தார். பேருந்து நிலையத்துக் குரல் தானாக வந்து சேர்ந்தது. காதில் குத்திய வில்லையின் எண், நிறம், வயது, ஊசி விவரம், உடையவர் பெயர். முதல் ஆடு முடிந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், மேடையில் எது படிக்கப்பட்டாலும் முடிவில் செய்வதை வழக்கத்தால் செய்தார்: இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். அவர் செய்ததால் பக்கத்து மேசையும் செய்தது. இரண்டாவது ஆட்டுக்கு மண்டபம் முழுக்கக் கைகள் விரிந்தன. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வெள்ளை வயிற்று ஆட்டுக்கு ஆமீன். கொம்பு உடைந்த கிடாய்க்கு ஆமீன். சினை என்று எழுதியிருந்த செம்மறிக்குப் பெண்கள் பகுதியிலிருந்து தனியாகக் கைத்தட்டல். ஓநாய் அடித்தது என்று ஒன்றைப் படிக்கும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். ஆண்கள் கல்பாக் குல்லாயைக் கழற்றினார்கள்.

செல்போனின் மறுமுனையில் மேய்ப்பர்கள் ஒவ்வோர் ஆமீனையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கலிபாவிடம் தகராறு செய்தார். தன் கறுப்பு ஆட்டுக்குச் சொன்ன ஆமீன் சுரத்தில்லாமல் இருந்ததாம். மறுபடி படிக்கச் சொன்னார். ஓரோஸ்பெக் மறுபடி படித்தார். மண்டபம் பெரிய குரலில் சொல்லிச் சரிசெய்தது.

கடைசி ஆட்டுக்குத் தாள் எழுதி முடித்ததும் கலிபா, "சரி, உன் பாட்டைச் சொல்லு" என்றார். கனிஷாய் எழுந்து மகளுக்கு எதிரே போய் நின்றார். ஓரோஸ்பெக் செல்போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். கையுறை போட்ட விரல் முதலில் சுன்னத்து விருந்துக்கான நடைப்பாட்டை அழுத்தியது. அடுத்து புத்தாண்டு மணி அடித்தது. மூன்றாவதாகத்தான் அந்த இசை வந்தது. தகரக் குடத்துக்குள் கொசு பாடுவதுபோல மெலிதாக, கரகரவென்று. நடுவில் அறுந்தும் போயிற்று. கலிபாவின் அறையில் சன்னலோரம்தான் சிக்னல் கிடைக்குமாம். மேய்ப்பர்கள் மேசையைக் கம்ப்யூட்டரோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சன்னலருகே வைத்து, முதலிலிருந்து போட்டார்கள்.

கனிஷாய் பாடினார். கட்டைக் குரல்தான். இசை எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்துப் பாட வேண்டியிருந்ததால் மண்டபத்தில் ஒரு தட்டு நகரவில்லை, ஒரு கரண்டி ஒலிக்கவில்லை. இரண்டாம் அடியில், தூரத்து வாசலில் நின்ற ஓர் ஆடு நீளமாகக் கத்தியது. குனிந்து அழுதுகொண்டிருந்த மணப்பெண் அழுகையோடு சிரித்துவிட்டாள். தாய்க்கும் உதடு துடித்தது. ஆனால் அடியை விடவில்லை. ஓரோஸ்பெக்கின் இரண்டு கைகளும் மேலே இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லாமல் நின்றார்.

பாட்டு முடிந்தது. செல்போனில், காற்றிலும் பனியிலும் அடிபட்ட ஒரு மேய்ப்பரின் குரல் கூச்சத்தோடு வந்தது.

"அந்த அம்மாவை இன்னொரு தடவை பாடச் சொல்லுங்க. பின்னாடி நின்னவங்களுக்குக் கேக்கல."

கனிஷாய் இன்னொரு தடவை பாடினார்.

விருந்து முடிந்து, பெண்ணை ஏற்றிய கார்கள் போன பிறகு, தஷ்தான் ஓரோஸ்பெக்கிடம் வந்தார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஓரோஸ்பெக் மன்னிப்புக்கு வார்த்தை தேடினார். தஷ்தான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கனிஷாய்க்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் விசாரித்தார்: "அந்த டிஸ்க்ல என் ஆடுங்க இல்லையா? யார் யாரு ஆட்டுக்கெல்லாமோ என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு ஆமீன் சொன்னாங்க." இல்லை என்றதும், எந்த ஊர் மருத்துவரிடம் பதிந்தால் அதில் வரும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

சந்தை முடிந்த மறுநாள் ஓரோஸ்பெக் கலிபாவின் அலுவலகத்துக்குப் போனார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கைதிகளை மாற்றிக்கொள்வதுபோல டிஸ்க்குகளை மாற்றிக்கொண்டார்கள். ஆடுகள் நல்ல விலைக்குப் போயினவாம். கலிபா அதைச் சொல்லிவிட்டு, இனியாவது அஸாத்திடம் கொடுத்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல் என்று புத்தி சொன்னார். ஓரோஸ்பெக் தேநீரைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிய விதத்திலேயே அது நடக்காது என்று கலிபாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் குறைந்தது அடையாளமாவது வேண்டும் என்றார். ஓரோஸ்பெக் பேனாவை எடுத்தார். மை அழிந்துபோகும் என்று கலிபா தடுத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஆட்டின் காதில் மாட்டும் மஞ்சள் வில்லை ஒன்றைத் தேடி எடுத்து, டிஸ்க்கின் ஸ்குரு துளையில் கம்பி கோத்து இறுக்கிக் கட்டினார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, வில்லையின் எண்ணைத் தன் கம்ப்யூட்டரில் பதிந்தார். உடையவர்: ஓரோஸ்பெக். நிறம்: சாம்பல். வயது என்ற இடத்தில் அவர் கேட்டதற்கு ஓரோஸ்பெக் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பல்லைப் பார்த்து நீயே போட்டுக்கொள் என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது பங்கு டாக்ஸியில் பின்சீட்டில் இடம் கிடைத்தது. சந்தைக் காலம் முடியாததால் சாலையில் கால்நடைச் சாவடி இன்னும் இருந்தது. தடுப்புக் கட்டையின் அருகே வண்டியை நிறுத்தி, கம்பளிக் கோட்டு போட்ட ஒருவர் குனிந்து சன்னல் வழியாகப் பார்த்தார். "மிருகம் ஏதாவது கொண்டு போறீங்களா?" என்று எல்லோரையும் கேட்கிற மாதிரி கேட்டார். இல்லை என்று டிரைவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் இல்லை என்றார்கள்.

ஓரோஸ்பெக் ஒரு கணம் யோசித்தார். பிறகு கோட்டின் மேல் பித்தானைக் கழற்றி, உள்பையிலிருந்து காலுறையை எடுத்து, அதன் வாயை விரித்து, எண் நன்றாகத் தெரியும்படி மஞ்சள் வில்லையைச் சன்னல் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.